அம்மா அப்பாவுடன் இங்கிலாந்து கிராமத்துப் பழைய வீட்டில் தங்கலாமா?

மே மாதக் கடைசியில் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து வருகிறீர்கள். லண்டனுக்குச் சில நாள் போக, மீதி நான்கு நாளை ஹோட்டலில் கழிக்காமல் கிராமப்புறத்தில் ஒரு பழைய கன்ட்ரி ஹவுஸ் பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட்டில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம், அப்பாவுக்கு முழங்கால் வலி, கார் ஓட்டலாமா வேண்டாமா என்று உங்களுக்குத் தயக்கம்.

தாராளமாகத் தங்கலாம். இந்த நாட்டை லண்டனில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் ஒன்று: வீட்டின் படத்தைப் பார்த்து மட்டும் அறை பிடிக்காதீர்கள். வீட்டுக்காரருக்கு நேரடியாக எழுதி நாலு கேள்வி கேளுங்கள். அவர் என்ன பதில் எழுதுகிறார், எவ்வளவு அக்கறையாக எழுதுகிறார் என்று பார்த்துப் பிடியுங்கள். பல வருடங்களாக இங்கே இருந்துகொண்டு, ஊரிலிருந்து வருகிற பெரியவர்களை இந்த மாதிரி வீடுகளில் தங்கவைத்த பழக்கத்தில் சொல்கிறேன். அவர்களுடைய நாட்கள் நன்றாகப் போவதும் போகாததும் வீட்டுக்காரரைப் பொறுத்துத்தான் இருந்தன. கட்டடம் எவ்வளவு அழகு என்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் இது என்ன மாதிரியான இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்ட்ரி ஹவுஸ் ஹோட்டல் என்று ஒன்று உண்டு, அது வேறு. அங்கே வரவேற்பு மேசை இருக்கும், உணவகம் இருக்கும், இரவு எந்நேரம் கூப்பிட்டாலும் ஆள் வருவார். பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட், சுருக்கமாக பி அண்ட் பி என்றால் வீட்டுக்காரர்கள் அதே வீட்டில் குடியிருப்பார்கள். இரண்டு மூன்று அறைகளை மட்டும் விருந்தினருக்கு ஒதுக்கியிருப்பார்கள். கதவு திறப்பவர், காலையில் சமைப்பவர், பக்கத்து ஊருக்கு வழி சொல்பவர் எல்லாம் ஒரே ஆள், அல்லது கணவன் மனைவி இரண்டு பேர். அறைகள் குறைவாக இருப்பதற்கு வரி விதியும் ஒரு காரணம். தான் குடியிருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கவைக்காமல் சிறிய அளவில் நடத்தினால் வணிக வரி கட்டத் தேவையில்லை, சாதாரண வீட்டு வரி போதும்.

அவ்வளவு பெரிய வீட்டை வைத்திருப்பவர் ஏன் நமக்குக் காலைப் பலகாரம் செய்து தருகிறார் என்று அப்பா நிச்சயம் கேட்பார். 1870-களில் அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை வந்து குவிந்தபோது இங்கே நிலத்திலிருந்து வந்த வருமானம் சரிந்தது. 1894-இல் எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி வந்தது. 1949-இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு அது 80 சதவீதம் வரை ஏறியது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலும் பிறகும் வேலையாட்கள் போய்விட்டார்கள், ராணுவம் எடுத்துப் பயன்படுத்திய வீடுகள் சிதைந்த நிலையில் திரும்ப வந்தன. நூற்றுக்கணக்கான வீடுகளை உரிமையாளர்களே இடித்தார்கள். 1950-களில் இது உச்சத்தில் இருந்தது. இழப்பு எவ்வளவு என்பது பொதுமக்களுக்கு உறைத்ததே 1974-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அதைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்த பிறகுதான். தப்பித்தவற்றில் சில பள்ளிக்கூடங்களாயின, சில ஹோட்டல்கள், சில, பழைய வீடுகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் கைக்குப் போயின. மீதியில் பலவற்றில் குடும்பமே இருந்துகொண்டு, கூரைக்கும் ஜன்னலுக்கும் ஆகிற செலவுக்காக இரண்டு அறையைத் திறந்துவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த வீட்டில் நாம் பழகும் விதமே மாறிவிடும்.

வீட்டின் பெயரிலிருந்தே கொஞ்சம் ஊகிக்கலாம். மேனர் ஹவுஸ் என்றால் அந்த ஊர் நிலவுடைமையாளரின் பழைய வீடு, பக்கத்திலேயே பண்ணை இருக்க வாய்ப்பு உண்டு. ஓல்ட் ரெக்டரி என்றால் பாதிரியார் குடியிருந்த வீடு, பராமரிக்க முடியாமல் சர்ச் விற்றுவிட்டது. பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டியே இருக்கும், அதனால் ஞாயிறு காலையில் மணி அடிக்கும். ஃபார்ம்ஹவுஸ் என்றால் இன்றும் ஆடு மாடு இருக்கிற இடமாக இருக்கலாம். முதல் தடவை பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் ரெக்டரியைத்தான் சொல்வேன். அளவான வீடு, ஊருக்குள்ளேயே இருக்கும், நடந்தால் ஒரு பப் வந்துவிடும்.

இப்போது அப்பாவின் முழங்கால். இந்த வீடுகளில் பெரும்பாலானவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். 1947-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வரும் பட்டியல் அது. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதையும் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். அதனால் லிஃப்ட் இருக்காது. மாடிப்படி குறுகலாக, வளைந்து, படிக்குப் படி உயரம் மாறி இருக்கும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கதவு நிலை தலையில் இடிக்கும். ஆனால் பல வீடுகளில் பழைய குதிரை லாயத்தையோ வண்டிக் கொட்டகையையோ தரைத்தள அறையாக மாற்றியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். ‘தரைத்தளத்தில் அறை உண்டா, வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி’ என்பது உங்கள் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி குளியலறை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், வந்த பிறகுதான் தெரியும். என்சூட் என்று போட்டிருந்தால் குளியலறை அறைக்குள்ளேயே இருக்கும். பிரைவேட் பாத்ரூம் என்று போட்டிருந்தால் அது உங்களுக்கு மட்டும்தான், ஆனால் நடைவழியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம். அதைவிட முக்கியம், ஷவர் எங்கே இருக்கிறது என்பது. பழைய வீடுகளில் உயரமான குளியல் தொட்டிக்கு மேலேயே ஷவரை வைத்திருப்பார்கள். முழங்கால் வலிக்காரர் அந்தத் தொட்டி விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவது ஆபத்து. தரையோடு தரையாக நடந்து போகிற ஷவர் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, பல இடங்களில் மரத் தரை, சில இடங்களில் கம்பளம்கூட உண்டு. வாளியில் பிடித்து ஊற்றிக் குளிக்க முடியாது, தண்ணீர் கீழ்த்தளக் கூரையில் இறங்கிவிடும். திரைச்சீலை இருந்தால் அதைத் தொட்டிக்கு உள்பக்கம் விட்டுக் குளிக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை எடுத்து வரச் சொல்லுங்கள். கிராமங்களில் கழிவுநீர் பல வீடுகளில் செப்டிக் டேங்குக்குத்தான் போகும், டாய்லெட் பேப்பர் தவிர எதையும் போடக் கூடாது.

நம் ஊர் மூன்று முனை பிளக் இங்கே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ஏசி இருக்காது, தேவையும் படாது. மே மாதக் கடைசியிலும் இரவில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், தூக்கம் வராத பெரியவர்களுக்குத் திரையை நன்றாக இழுத்து மூடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலை உணவு இந்த வீடுகளின் பெருமை. முழு இங்கிலீஷ் பிரேக்ஃபஸ்ட் என்றால் பேக்கன், சாசேஜ், முட்டை, வாட்டிய தக்காளி, காளான், பேக்டு பீன்ஸ், டோஸ்ட், சில இடங்களில் பிளாக் புடிங். அந்தக் கடைசிப் பண்டம் பன்றி ரத்தத்தில் செய்வது, பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக் கோழி முட்டை, தோட்டத்துப் பழத்தில் போட்ட ஜாம், ஜனவரியில் செவில் ஆரஞ்சு வரும்போது காய்ச்சி வைத்த மார்மலேட் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. சில வீடுகளில் கெட்ஜரி கிடைக்கும். நம் நாட்டுக் கிச்சடி வெள்ளைக்காரர் கையில் மாறி வந்த உணவு அது, புகையூட்டிய ஹேடக் மீனும் முட்டையும் சேர்ந்தது. அரிசியைப் பார்த்து ஆசையாக எடுத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

இங்கே சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை சாப்பிடுவார் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கிடையாது, பாலும் வெண்ணெயும் சரி’ என்று விரித்து எழுதுங்கள். காளானையும் தக்காளியையும் பேக்கன் பொரித்த கொழுப்பில் வதக்காமல் தனிச் சட்டியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இது மூன்றாவது கேள்வி. நல்ல வீட்டுக்காரர் இதற்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுவார், தன்னால் என்ன செய்ய முடியும் என்று அவரே ஒரு பட்டியல் தருவார். ஒரு வரியில் ‘முயற்சி செய்கிறோம்’ என்று வந்தால் வேறு வீடு பாருங்கள். போரிட்ஜ், பழம், தயிர், டோஸ்ட், ஜாம், வாட்டிய காளான், பீன்ஸ் இவ்வளவும் சரியாக அமைந்தால் அம்மாவுக்கு மதியம் வரை பசிக்காது. எத்தனை மணிக்குச் சாப்பிட வருகிறீர்கள், என்ன வேண்டும் என்று பல இடங்களில் முந்தின இரவே கேட்டுவிடுவார்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள், அவர் ஒருவரே நின்று சூடாகச் செய்கிறார்.

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. கிராமத்து பப்புக்குத்தான் போக வேண்டும். பல பப்களில் மதியம் இரண்டரை மணிவாக்கில் சமையலறையை மூடி மாலை ஆறுக்குத் திறப்பார்கள், இரவு எட்டரை ஒன்பதோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை முழுக்க மூடுகிற இடங்களும் உண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்பதரைக்குப் போய் நின்றால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்தான் மிஞ்சும். ஏழு மணிக்கு மேசை சொல்லிவையுங்கள். முட்டை இல்லாத சைவத்துக்கு சூப், காளான் ரிசோட்டோ, சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸ் மாதிரி இரண்டு மூன்று தேறும். நான்கு இரவும் அதையே சாப்பிட்டால் அம்மா வாடிவிடுவார்கள். கொஞ்சம் பெரிய சந்தை ஊர்களில் இந்திய உணவகம் இருக்கும், ஒரு இரவை அதற்கு ஒதுக்குங்கள். அறையில் கெட்டிலும் தேநீர்த் தட்டும் இருக்கும். ஆனால் ரைஸ் குக்கரோ மின்னடுப்போ அங்கே வைக்கக் கூடாது, புகை அலாரம் அலறும், வீட்டுக் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுவந்து வெளியே தோட்டத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். மூடிய அறைக்குள் வேண்டாம், பெருங்காய வாசனை திரைச்சீலையில் நாள்கணக்கில் தங்கும். நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களை இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை.

எந்தப் பக்கம் போகலாம்? உங்கள் நான்கு நாளுக்கு காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியின் வடக்குப் பக்கம் என்பேன். லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்டன் இன் மார்ஷ் என்ற ஊருக்கு நேர் ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடும். இறங்கினால் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். நடுக்காலத்தில் ஆட்டுக் கம்பளியால் பணக்காரமான நாடு இது, தேவாலயங்களின் அளவைப் பார்த்தாலே தெரியும். சிப்பிங் கேம்ப்டனில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இன்னும் கடைத்தெரு நடுவில் நிற்கிறது, அப்பா அதில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். அங்கிருந்து நாலு மைலில் ஹிட்கோட் தோட்டம். தோட்டத்துக்காகவே நேஷனல் டிரஸ்ட் 1948-இல் எடுத்துக்கொண்ட முதல் இடம் அது. உங்கள் தேதி ஒத்துவந்தால் இன்னொன்று: மே கடைசித் திங்கள் விடுமுறைக்கு அடுத்து வரும் வெள்ளியில், சிப்பிங் கேம்ப்டனுக்கு மேலே டோவர்ஸ் ஹில் என்ற குன்றில் காட்ஸ்வோல்ட் ஒலிம்பிக் என்ற பழைய கிராமத்து விளையாட்டுகள் நடப்பது வழக்கம். 1612 வாக்கில் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பில் ஒருவரை ஒருவர் உதைத்து விழவைப்பதும் அதில் ஒரு போட்டி.

மோர்டனிலிருந்து மூன்று மைலுக்குள் செசின்கோட் என்று ஒரு வீடு இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிழக்கிந்திய கம்பெனியில் பணியாற்றிய சார்லஸ் காக்கரெலுக்காக, அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான கட்டடக் கலைஞர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805 வாக்கில் வடிவமைத்தது. இங்கிலாந்துப் புல்வெளி நடுவில் முகலாய பாணியில் செம்புக் குவிமாடம் நிற்கும். தோட்டத்துப் பாலத்தின் மேல் காளைச் சிலைகள் உட்கார்ந்திருக்கும், ஒரு ஓரத்தில் சூரியனுக்குச் சின்னக் கோயில் உண்டு. அந்தத் தோட்டத்துக் கட்டுமானங்களுக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1792-இல் நம் பக்கம் சுற்றி, தஞ்சைப் பெரிய கோயிலையும் திருச்சி மலைக்கோட்டையையும் மதுரையையும் வரைந்த அதே டேனியல்தான். பாலத்துக் காளைகளைப் பார்த்ததும் அம்மாவுக்கு நந்தி நினைவு வரும், அந்த நினைவுக்குப் பின்னால் உண்மையான ஒரு வழித்தடம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். இந்தக் காட்சி எவ்வளவு அழகோ, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவ்வளவு தெளிவாக நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய இடம். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறக்கும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயம். இந்திய உரிமத்தில் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம், இங்கேயும் இடது பக்கம்தான். கியர் இல்லாத ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிப் பிடியுங்கள். சிரமம் நெடுஞ்சாலையில் இல்லை, கடைசி இரண்டு மைலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உயரமான வேலி, ஒரு வண்டி மட்டும் போகிற சந்து, எதிரே டிராக்டர். ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போய் வழிவிட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கப் பயம் இல்லையென்றால் கார் எடுங்கள். இல்லையென்றால் மோர்டனிலேயோ சிப்பிங் கேம்ப்டனிலேயோ ஊருக்குள் உள்ள வீட்டில் தங்கி டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸியை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், தெருவில் நின்று கை காட்டினால் கிடைக்காது. கிராமத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் பல வயல்கள் அடங்கும், செயலியை நம்பினால் யாரோ ஒருவர் பண்ணை வாசலில் நிற்பீர்கள். கடைசித் திருப்பங்களை எழுதி அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உங்கள் நான்காவது கேள்வி அது.

வந்துசேரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள், நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் என்பது வழக்கம். பெரும்பாலும் தேநீரும் கேக்கும் வரும். ஓடிப்போய் அறையைப் பார்க்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டு நாய் வந்து மோந்து பார்க்கும், அம்மாவுக்கு நாய் பயம் என்றால் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், கட்டிவைப்பார்கள். எந்த அறைகள் விருந்தினருக்கு, எது குடும்பத்துக்கு என்று அவரே காட்டுவார். சேற்றுச் செருப்பை வாசலில் விடுவது இங்கேயும் உண்டு, அப்பாவுக்கு அது பிடிக்கும். சில வீடுகளில் எல்லா விருந்தினரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று பெரியவர்கள் கூச வேண்டாம். தோட்டத்தில் ஒரு பூவைக் காட்டிப் பெயர் கேட்டால் போதும், அந்த வீட்டுக்கார அம்மா அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்.

நடைபாதைகளை மறந்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 மைல் பொதுவழி உண்டு. மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதை தனியார் வயல் நடுவே போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காலையில் அப்பாவை வீட்டுக்காரரோடு பேசவிட்டு நீங்கள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், கன்றோடு நிற்கும் பசுக்களிடம் நெருங்காதீர்கள்.

நான்கு நாளையும் ஒரே வீட்டில் கழியுங்கள். இரவுக்கு ஒரு வீடு என்று மாற்றினால் பெரியவர்களுக்குப் பெட்டி கட்டவே நேரம் போகும், வீட்டுக்காரரோடு பழக்கமும் வராது. மே கடைசி வாரம் பள்ளி விடுமுறையும் வங்கி விடுமுறையும் சேர்ந்து வருவதால் வாடகை ஏறியிருக்கும், வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு என்று நிபந்தனையும் போடுவார்கள். நல்ல அறைக்கு இரவுக்கு 100 பவுண்டுக்குக் கீழ் எதிர்பார்க்க வேண்டாம், இந்தப் பக்கத்தில் அதற்கு மேலேயே போகும். சொல்லும் வாடகை அறைக்கா ஆளுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியிலேயே எழுதத் தொடங்குங்கள், தரைத்தள அறைகள்தான் முதலில் போகும்.

தரைத்தள அறை எங்கேயும் கிடைக்கவில்லையென்றால் மாடி அறைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றைத்தளக் காட்டேஜ் ஒன்றை எடுங்கள், சமையலறையும் சேர்ந்து வரும், அம்மாவுக்கு ரசம் சாதம் ஆகிவிடும். சில காட்டேஜ்களை வாரக் கணக்கில்தான் விடுவார்கள், அதனால் நாலு இரவுக்குத் தருவார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.